அறக்கட்டளை பேரிடர் நிதி: 16ஆம் தேதி கூட்டம்

நண்பர்களே, வணக்கம்.

வரும் ஞாயிறு, நவம்பர் 16, கஜா புயல் அடித்து 7 வருடம். அன்று காலை 10 மணிக்கு நம் பேராவூரணிப் பள்ளிக் கலையரங்கில் கூடுகிறோம். பேரிடர் நிதியை எப்படிப் பிரிப்பது என்பதை அன்றே முடிவு செய்யவேண்டும்.

2018இல் முதல் பத்து நாளில் பள்ளி வராந்தா முழுக்க பிஸ்கட் பெட்டி, பழைய துணி மூட்டை. தை பிறந்தபோது யாரும் வரவில்லை. வேரோடு சாய்ந்த தென்னையை அறுத்து அப்புறப்படுத்தவே பலருக்குக் காசில்லை. நெட்டைத் தென்னங்கன்று காய்க்க 6, 7 வருடம் ஆகும். அதுவரை அந்த வீடு எதை வைத்துச் சாப்பிடும்? அதனால் பாதிப் பணத்தையாவது பேரிடர் நடந்த மூன்றாம் மாதத்துக்கு அப்புறம் செலவழிக்க ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கன்று, மோட்டார் பழுது, பிள்ளைகளின் கல்விக் கட்டணம் எல்லாம் அதில் வரும்.

செய்யவேண்டியவை:

1. வருகிறீர்களா என்று 12ஆம் தேதிக்குள் இங்கே பதில் போடுங்கள்.
2. நன்கொடையை வங்கி வழியாகவே அனுப்புங்கள். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் 80ஜி வரிச்சலுகை கிடையாது.
3. சிங்கப்பூர், மலேசியாவில் குடியுரிமை வாங்கியவர்கள் இப்போது பணம் அனுப்பவேண்டாம். அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வரும், நமக்கு அந்தப் பதிவு இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து தாராளமாக அனுப்பலாம்.
4. கஜாவில் தோப்பு இழந்து இன்னும் மீளாத குடும்பம் தெரிந்தால் பொருளாளருக்குத் தனியாக எழுதுங்கள். குழுவில் பெயர் போடவேண்டாம்.

வர முடியாதவர்கள் பிரிப்பு பற்றிய கருத்தை 15ஆம் தேதி இரவுக்குள் குரல்பதிவாக அனுப்பினாலும் சரி.