ரெய்கி மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

உடம்பில் கை வைத்து உயிர்ச்சக்தியைப் பாய்ச்சுவதாகச் சொல்லும் ஜப்பானிய முறையான ரெய்கியைக் கொடுக்கிறவர்களுக்கும் கற்றுத் தருகிறவர்களுக்கும் வணக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ரெய்கியே ஏமாற்று என்று வாதாட நான் வரவில்லை. கீமோதெரபி எடுத்துக்கொண்ட மாதங்களில் உங்களில் ஒருவரிடம் வாரம் ஒருமுறை போய்ப் படுத்திருக்கிறேன். தலை, தோள், வயிறு, பாதம் என்று மாறி மாறிக் கை வைத்தபடி ஒரு மணி நேரம் அவர் பேசாமல் இருப்பார். அந்த நாட்களில் என்மேல் பட்ட கைகள் எல்லாம் ரத்தம் எடுக்கவோ மருந்து ஏற்றவோ வந்தவை. அவர் கை மட்டும் எதற்கும் வரவில்லை. அன்று இரவு நன்றாகத் தூங்குவேன்.

ஆறாவது வாரம் அவர் சொன்னார்: "சக்தி நன்றாக ஓடுகிறது. இனி அந்த விஷ மருந்து எதற்கு?" நான் மருந்தை நிறுத்தவில்லை, அவரிடம் போவதை நிறுத்திவிட்டேன். அதோடு அந்தத் தூக்கமும் போயிற்று. "இன்று மட்டும் கோபப்படாதே" என்பதுதான் உங்கள் ஐந்து நெறிகளில் முதலாவது என்று தெரியும். இன்று மட்டும் மன்னித்துவிடுங்கள்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். 1922இல் குராமா மலையில் 21 நாள் நோன்பிருந்த, ரெய்கியைத் தொடங்கிய மிக்காவோ உசுயியின் கதைக்கு அடுத்தபடியாக நீங்கள் விரும்பிச் சொல்வது, ரெய்கியை மேற்குலகுக்குக் கொண்டுபோன ஹவாயோ தகாட்டாவின் கதை. அறுவைச் சிகிச்சை மேசையிலிருந்து எழுந்து வந்து ரெய்கியால் குணமானதாக அவரே சொன்னது. அவரைக் குணப்படுத்தியதாகச் சொல்லப்படும், உசுயியின் சீடரான ஹயாஷி கடற்படை மருத்துவராக இருந்தவர் என்பதை ஏனோ அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை. மேசையிலிருந்து எழுந்தவர்தான் கதாநாயகி என்றால், மேசையிலேயே படுத்திருக்கிற நாங்கள் யார்? நம்பிக்கை இல்லாதவர்களா?

இனி ஆய்வுகளுக்கு வருகிறேன். 2011இல் வெளிவந்த ஒன்று என்னைப் போன்றவர்களைப் பற்றியது. கீமோ ஏற்றிக்கொள்ள வந்த 189 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ரெய்கி, இன்னொன்றுக்கு ரெய்கி போலவே கை வைக்கும் நடிப்பு, மூன்றாவதற்கு வழக்கமான கவனிப்பு மட்டும். முதல் இரண்டு குழுவினருக்கும் மனமும் உடம்பும் லேசானது. ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் இல்லை. தீட்சை பெறாத கையும் அதே ஆறுதலைத் தந்திருக்கிறது.

இதை உங்கள் தோல்வி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோயாளி பக்கத்தில் ஒருவர் அவசரமில்லாமல் உட்கார்ந்திருப்பதே உதவுகிறது என்றால், அது சின்ன விஷயமா? அதற்குமேல் போனால்தான் சிக்கல். ஃபைப்ரோமையால்ஜியா என்ற, உடம்பு முழுக்க நாள்பட்டு இருக்கும் வலி உள்ள 100 பேரிடம் நடந்த 2008ஆம் ஆண்டு ஆய்வில் ரெய்கியால் வலி குறையவில்லை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் ரெய்கி உதவுகிறதா என்று தேடிய மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2015ஆம் ஆண்டு மதிப்பாய்வு, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லப் போதுமான சான்று இல்லை என்று முடித்தது. இறந்த காலத்துக்கே சக்தி அனுப்பும் தொலைதூர ரெய்கியைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

எனக்கு உண்மையில் பயம் தருவது வேறு. ரெய்கிக்குப் பிறகு காய்ச்சலோ வாந்தியோ வந்தால் "கழிவு வெளியேறுகிறது, நல்லதுதான்" என்கிறீர்களே, அதுதான். கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நல்லதுதான் என்று ஒரு இரவு காத்திருந்தால் கிருமித்தொற்று ரத்தம் முழுக்கப் பரவி உயிரே போகலாம்.

ஆகவே, முதல் நாளே என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள், அதை நிறுத்தாதீர்கள் என்றும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். குணமாகுமா என்று கேட்பவரிடம், "அது என் கையில் இல்லை, கொஞ்சம் நிம்மதியாகப் படுத்திருக்கலாம்" என்று சொன்னால் யாரும் எழுந்து போய்விட மாட்டார்கள். நான் அதற்குத்தான் வந்தேன்.

என்னைப் பார்த்த அந்த மாஸ்டர் இதைப் படித்தால் அவருக்கு ஒரு வார்த்தை. மருந்தைப் பற்றிப் பேசமாட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள், அடுத்த வாரமே வந்து படுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் வந்துபோன ஒரு நோயாளி