பாதி விமானம் வீடு வந்து சேர்ந்தது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி இப்போது எப்படி? பதில் போடாததற்குக் காரணம் என் கார் ஷெட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது: பாதி கட்டிய ஆர்வி-7. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும், பாகங்களாக வாங்கி நாமே கட்டிக்கொள்ளும் கிட் விமானம். ஒன்பது வருஷம் கட்டியவருக்குக் கண் மங்கிவிட்டது. இனி தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடிக்க முடியாது என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

ஏற்றி வந்த கதையைச் சொல்கிறேன். வால் பகுதியில் தகடு சில இடங்களில் அரை மில்லிமீட்டர் கனம்தான். விரலை அழுத்தி ஊன்றினாலே குழி விழும். அதனால் இறக்கைகளின் முன்விளிம்பு கீழே இருக்கும்படி மரச்சட்டத்தில் நிறுத்தி, அடியில் பழைய கம்பளம் விரித்தோம். பெல்ட்டைச் சட்டத்தில் மட்டுமே இறுக்கினோம், தகட்டில் படவிடவில்லை. அரை மணிக்கொரு தரம் வண்டியை நிறுத்திக் கட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். அப்படியும் ஒரு பெல்ட் தளர்ந்து, இறக்கை நுனி மரத்தில் உரசிவிட்டது. உலோகக் கலவையை அரிக்க விடாமல் காப்பது மேலே இருக்கும் மெல்லிய சுத்த அலுமினியப் படலம். கீறல் அதைத் தாண்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மூன்று நோட்டும் ஒரு பெட்டி புகைப்படமும் கொடுத்தார். இறக்கையைவிட அவற்றைத்தான் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பெரும்பகுதியை அமெச்சூர்களே கட்டினார்கள் என்று காட்டினால்தான் சொந்தக் கட்டுமானமாகப் பதிவாகும். 51 சதவீத விதி என்பது இதுதான். கட்டியவர்கள் இருவர் என்பது குறையில்லை. ஆதாரம் இல்லாவிட்டால்தான் சிக்கல்.

நேற்று ராத்திரி, இன்னும் மூடாத இறக்கைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டமான ரிப் ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்து: "இடது 4", "மேல் பக்கம்", ஓரிடத்தில் "இதை மறுபடி பார்". எல்லாமே மார்க்கரில். பென்சில் கோடு ஒன்றுகூட இல்லை. பென்சிலின் கிராஃபைட் அலுமினியத்தை அரித்துவிடும் என்று தெரிந்தவர் அவர். அந்த ஒன்றிலேயே எனக்கு அவர் வேலைமேல் நம்பிக்கை வந்துவிட்டது. ஆனாலும் ரிவெட்டுகளைக் கேஜ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். அடித்து நசுங்கிய தலை, ரிவெட் தண்டின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு அகலமும் அந்த விட்டத்தில் பாதி உயரமும் இருக்க வேண்டும். இதுவரை பார்த்த இருநூறில் நாலைத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. "மறுபடி பார்" என்று எழுதிய இடத்தில் இரண்டு.

இன்று காலை போன் செய்து, "இடது இறக்கை நல்லபடியாக வந்ததா?" என்று கேட்டார். கீறலை மறைக்காமல் சொன்னேன். எங்கே, எவ்வளவு நீளம் என்று விசாரித்து, எப்படித் தேய்த்து ப்ரைமர் அடிப்பது என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்.

அடித்தகட்டை மூட இரண்டு பேர் வேண்டும். வெளியே நான் ரிவெட் கன் பிடித்தால், உள்ளே கைவிட்டு இரும்புக் கட்டையை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிக்க ஓர் ஆள். உன் கை மெலிந்த கை, ரிப்புகளுக்கு நடுவே சுலபமாக நுழையும். உட்கார்ந்தே செய்யும் வேலைதான், முழங்காலுக்குச் சிரமம் இருக்காது. எப்போது வருகிறாய்?

உன்,
பழைய பெஞ்சு நண்பன்