நிலத்துக்குப் பங்கு எங்கே?

ஆசிரியருக்கு,

திருவனந்தபுரம் உள்ளிட்ட 6 விமான நிலையங்களை 50 ஆண்டுக் குத்தகைக்குத் தனியாரிடம் கொடுத்தாயிற்று. 2021இல் மத்திய அரசு வெளியிட்ட பணமாக்கல் பட்டியலில், அதாவது தனியாரிடம் விட்டுப் பணம் திரட்டவேண்டிய அரசுச் சொத்துகளின் பட்டியலில், சென்னை, திருச்சி, மதுரை, கோவையும் இருந்தன. லாபம் தருபவையெல்லாம் கைமாறிவிட்டால் புதுச்சேரியிலுள்ள எங்கள் லாஸ்பேட்டை விமான நிலையத்தைத் தாங்கப்போவது யார்?

இங்கே ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். ஏடிஆர் போன்ற சிறிய விமானங்களே வந்து போகின்றன. 2024இல் ஹைதராபாத் சேவை நின்றதும், டிசம்பரில் அடுத்த நிறுவனம் வரும்வரை முனையம் வெறிச்சோடிக் கிடந்தது. ஓடுபாதையை நீட்டத் தமிழகப் பகுதி நிலமும் வேண்டும். பொதுப்பணிக்கென்று வாங்கும் நிலம் நாளை தனியார் வருமானமாகலாமா? தனியார்மயமானால் நிலத்தின் மதிப்புக்கேற்ற பங்கு வேண்டும் என்று தமிழக அரசு 2022இலேயே கேட்டது. புதுச்சேரி அரசும் நிலம் கொடுக்கும் முன்பே இதை எழுத்தில் வாங்க வேண்டும்.

- ஒரு வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி