கையெழுத்துப் போட்டவர்களுக்கும், போட மறுத்த அம்மாவுக்கும்

டென்வர், ஜனவரி 2024

அன்பு நண்பர்களே,

டிசம்பர் 18 அன்று கிராண்ட் மாவட்டத்தில் ஐந்து கூண்டுகள் திறந்தன. ஒரேகான் மாநிலத்திலிருந்து கொண்டுவந்த ஓநாய்கள் கொலராடோ மண்ணில் கால் வைத்தன. அந்த வாரத்துக்குள் அவை பத்தாயின. விஷம் வைத்தும் பொறி வைத்தும் 1940களில் கடைசி ஓநாயையும் ஒழித்துக்கட்டிய மாநிலம் இது. காணொளியைப் பார்த்து அழுதுவிட்டேன். உடனே உங்கள் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

2019-இல் சந்தை வாசல்களில் அட்டையும் பேனாவுமாக என்னோடு நின்றீர்கள். ஓநாய்களை மீட்டுக்கொண்டுவருவதை மக்கள் வாக்குக்கு விட 1,24,632 கையெழுத்துகள் தேவைப்பட்டன. மாநிலம் முழுவதும் திரட்டியது 2 லட்சத்தைத் தாண்டியது. நிரப்பிய ஒவ்வொரு கட்டுக்கும் நோட்டரி முன்னால் உறுதிமொழி தர வேண்டும். அதற்காக வேலை நேரம் முடிந்தும் எங்களுக்காகக் காத்திருந்த அந்த நோட்டரி அம்மையாருக்கு முதல் வணக்கம். குளிரில் நின்றவர்களுக்குப் புளியோதரையும் ஃபிளாஸ்க் நிறையக் காபியும் கொண்டுவந்த அக்காவுக்கு அடுத்தது.

நம் தமிழ் நண்பர்களிடம் பேசுவது எளிதாக இருக்கவில்லை. "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கே" என்றார் ஒருவர். அவரிடம் என் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். சிவகங்கைப் பக்கம் ஆட்டுக்கிடை போட்டவர். ராத்திரியெல்லாம் அரிக்கேன் விளக்கோடு கிடையருகே படுத்திருப்பார். ஓநாயை வாயாரத் திட்டுவார், ஆனால் ஒருநாளும் விஷம் வைத்ததில்லை. பக்கத்தில் நின்று அதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டதோடு, அடுத்த ஞாயிறு தன் வீட்டுக்காரரையும் மாமனாரையும் கூட்டிவந்த அந்த நண்பரின் மனைவிக்கு நன்றி. 2020 நவம்பரில் பதிவான சுமார் 31 லட்சம் வாக்குகளில் நாம் வென்றது ஏறக்குறைய 57,000 வித்தியாசத்தில். அமெரிக்காவில் மக்களே வாக்களித்து ஓநாயைத் திரும்ப அழைத்தது அதுதான் முதல் முறை. நீங்கள் ஒவ்வொரு வாசலிலும் பேசிய பத்து நிமிடம் அந்த 57,000-க்குள் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கையெழுத்துப் போடாத ஒருவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். மேற்குக் கொலராடோவில் இருக்கும் கிளென்வுட் ஸ்பிரிங்ஸ் ஊரில் என் அட்டையை முழுக்கப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார், மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஓர் அம்மா. "நீங்க ஓட்டுப் போட்டுட்டு டென்வர்ல தூங்கிடுவீங்க. கண்ணு முழிச்சிருக்கப் போறது நான்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. கொல்லப்படும் மாட்டுக்கு இழப்பீடு உண்டு என்று நாம் வாக்குக்கு விடக் கேட்ட சட்ட வரைவில் இருந்ததைக் காட்டினேன். "பணம் எங்கேருந்து வரும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் பிறகு நாம் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினோம். 2023-இல் ஆண்டுக்கு 3,50,000 டாலர் நிதி ஒதுக்கிச் சட்டம் வந்தது. மாட்டைத் தாக்கிக்கொண்டிருக்கும் ஓநாயைச் சுடலாம் என்ற மத்திய அரசின் விதி எனக்கு முதலில் கசந்தது. அந்த அம்மாவை நினைத்த பிறகு ஏற்றுக்கொண்டேன். அந்த விதி இல்லாமல் போனால் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் தோட்டாதான் பேசியிருக்கும்.

கூண்டு திறப்பதற்குச் சில நாள் முன்பு, மாடு வளர்ப்போர் சங்கங்கள் தடை கேட்டு நீதிமன்றம் போனபோது நம் பக்க வாதத்தைத் தாங்கிய வழக்கறிஞர்களுக்கும், ஓநாய்களைத் தந்து உதவிய ஒரேகான் மாநிலத்துக்கும், பனியில் அவற்றைத் தேடிப் பிடித்துக் இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டிய வனவிலங்குத் துறையினருக்கும் நன்றி.

வசந்தத்தில் கன்று ஈனும் காலம். வேலியோரம் சிவப்புத் துணி கட்டிய கயிறு இழுத்துவிட்டால் ஓநாய் கொஞ்ச நாளைக்காவது தயங்கும். அதைக் கட்ட ஆள் வேண்டுமா என்று அந்த அம்மாவிடம் கேட்டிருந்தேன். "வாங்க" என்று நேற்று பதில் வந்தது. என் காரில் நாலு பேருக்கு இடமிருக்கிறது. வரக்கூடியவர்கள் சொல்லுங்கள். தடித்த கையுறை கொண்டுவாருங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்களோடு சந்தை வாசலில் நின்றவள்