ஆன்லைன் படிப்பில் பெயர் சேர்த்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளி மாணவர்கள் இலவசமாக ஆன்லைன் படிப்புகளில் சேரலாம் என்ற செய்தி நாளிதழ்களில் அவ்வப்போது வருகிறது. வந்த சூட்டோடு பள்ளிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் ஷீட்டும் வந்து விழும். 'எத்தனை பேர் சேர்ந்தனர் என்ற விவரத்தை இன்று மாலைக்குள் நிரப்பவும்' என்று அதன் கீழே ஒரு வரி. ஷீட் நிரம்பிவிடும். அவர்களில் எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள், எத்தனை பேர் கைக்குச் சான்றிதழ் வந்தது என்று கேட்டு இன்னொரு ஷீட் வருவதில்லை. வேலூர், காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு பக்கத்துப் பள்ளிகளில் கணினிப் பாடம் நடத்தும் நாங்கள் சொல்ல வருவது இதுதான்: பிள்ளைகள் பாதியில் நிற்பதற்குப் பாடத்தின் கடினம் பெரிய காரணமல்ல. சேர்ந்த அன்று கொடுத்த மின்னஞ்சல், கைப்பேசி எண், பெயர் இந்த மூன்றில் ஏதோ ஒன்று சரியில்லாமல் போனதுதான் பெரும்பாலும் காரணம்.

எந்தத் தளம் எதற்கு என்பதிலேயே குழப்பம் தொடங்குகிறது. மணற்கேணி செயலி 2023 ஜூலையில் நம் பள்ளிக்கல்வித் துறை வெளியிட்டது. 6 முதல் 12 வரை நம் மாநிலப் பாடத்திட்டத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்குகிறது. பாடம் புரிந்துகொள்ள அருமையானது. ஆனால் அது சான்றிதழ் படிப்பு அல்ல. நான் முதல்வன் 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய திட்டம். பள்ளி அளவில் அதன் வேலை, பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்று வழிகாட்டுவது. சான்றிதழ் வேண்டும் என்பவர்கள் போகவேண்டியது மத்திய அரசின் ஸ்வயம் தளத்துக்கு. 2017இல் வந்தது. 9 முதல் 12ஆம் வகுப்பு வரைக்கான பாடங்களை அதில் என்சிஇஆர்டியும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் நடத்துகின்றன. அவை மத்தியப் பாடத்திட்டத்தை ஒட்டியவை, பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருப்பவை. நம் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தோடு பாடத்துக்குப் பாடம் பொருந்தும் என்று நினைத்துச் சேர்ந்தால் இரண்டாம் வாரமே சலிப்பு வரும். இதைச் சேரும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

கல்லூரிப் பாடங்களுக்கான என்பிடெல்லும் ஸ்வயத்தின் ஓர் அங்கமே. அதில் யார் வேண்டுமானாலும் சேரலாம். பைத்தான் கணினி மொழி போன்ற தொடக்கநிலைப் பாடங்களைப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நன்றாகவே சமாளிக்கிறார்கள். சென்னை ஐஐடியின் 'ஸ்கூல் கனெக்ட்' படிப்புகள் தனி வகை: எட்டு வாரம், பெயரளவுக் கட்டணம் 500 ரூபாய், தரவு அறிவியல், மின்னணு அமைப்புகள் போன்ற அறிமுகப் பாடங்கள். இதில் மாணவர் தனியாகப் போய்ச் சேர முடியாது. பள்ளி முதலில் பங்காளர் பள்ளியாகப் பதிவு செய்து, பொறுப்பாசிரியர் ஒருவரை நியமிக்க வேண்டும். அது நடக்காத பள்ளியின் மாணவர் எத்தனை முறை முயன்றாலும் அவர் பள்ளியின் பெயர் பட்டியலில் வராது. தளம் கெட்டுவிட்டது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

இனி ஸ்வயத்தில் சேரும் விதம். வலது மேல் மூலையில் உள்ள உள்நுழைவுப் பொத்தானை அழுத்தி, புதிய கணக்கு என்பதைத் தேர்ந்து, மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் அந்த முகவரிக்கு ஒரு குறியீட்டு எண் வரும். பல நேரம் அது 'ஸ்பேம்' பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே பார்க்காமல் 'மீண்டும் அனுப்பு' என்பதை அழுத்திக்கொண்டே இருந்தால் எந்த எண் கடைசியாக வந்தது என்பதே குழம்பிப்போகும். எண்ணைச் சரிபார்த்த பிறகு கடவுச்சொல். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்து, எட்டு எழுத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். பிறகு பெயர், பிறந்த தேதி, மாநிலம், பள்ளி போன்ற விவரங்கள். இத்தனையும் முடித்தாலும் இன்னும் படிப்பில் சேரவில்லை, கணக்கு மட்டும்தான் தொடங்கியிருக்கிறது. பாடத்தைத் தேடி, அந்தப் பக்கத்தில் 'ஜாய்ன்' அழுத்தி, உறுதி செய்யும் அஞ்சல் வந்து, 'மை கோர்சஸ்' பகுதியில் பாடத்தின் பெயர் தெரிந்தால்தான் சேர்க்கை.

மின்னஞ்சலில்தான் முதல் சறுக்கல். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் கொடுத்தால் அவர்களே ஜிமெயில் தொடங்கித் தந்துவிடுவார்கள். ஆனால் மீட்பு எண்ணாக, அதாவது கணக்கு உங்களுடையதுதானா என்று சரிபார்க்கும் எண்ணாக இருப்பது கடைக்காரரின் எண், கடவுச்சொல் இருப்பது அவர் நோட்டில். அடுத்த வாரம் வேறு கணினியில் திறந்தால் கூகுள் சந்தேகப்பட்டு அந்த எண்ணுக்குக் குறியீடு அனுப்பும். கணக்கு அதோடு போயிற்று. சரி, பள்ளியின் கணினி அறையான ஹைடெக் லேபிலேயே எல்லோருக்கும் ஒரே பிரிவேளையில் தொடங்கிவிடலாம் என்றால் அதுவும் ஆகாது. ஒரே இணைப்பிலிருந்து அடுத்தடுத்துக் கணக்குகள் தொடங்கினால் சிறிது நேரத்தில் கூகுள் தடுக்கும். ஒரே கைப்பேசி எண்ணைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் 'இந்த எண் பலமுறை பயன்படுத்தப்பட்டுவிட்டது' என்று மறுக்கும். வகுப்பாசிரியர் நல்லெண்ணத்தில் தன் எண்ணையே முப்பது பிள்ளைகளுக்கும் கொடுக்க முன்வருவது எங்கள் பக்கம் வழக்கம். அது நாலைந்து பேரோடு நின்றுவிடும். பிள்ளைகள் வீட்டிலிருந்தே, பெற்றோர் கைப்பேசியில், பெற்றோர் எண்ணை மீட்பு எண்ணாகக் கொடுத்துத் தொடங்கிக்கொண்டு வருவதுதான் வழி. பிறந்த ஆண்டைச் சரியாகப் போட வேண்டும். விளையாட்டாக மாற்றிப் போட்டு வயது 13க்குக் கீழ் என்று வந்துவிட்டால் பெற்றோர் மேற்பார்வை இல்லாமல் கணக்கு இயங்காது.

கைப்பேசி எண்ணில் நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து ஆம்பூருக்கும், காட்பாடி பக்கத்திலிருந்து ராணிப்பேட்டைக்கும் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிற அம்மாமார்கள் ஏராளம். வேலை நேரத்தில் போனைக் கையில் வைத்திருக்க விடாத கம்பெனிகளும் உண்டு. பகல் பதினொரு மணிக்கு லேபில் பிள்ளை ஓடிபி கேட்டுக் காத்திருக்கும்போது, அந்த எண் உள்ள போன் கம்பெனி வாசலருகே லாக்கரில் இருக்கும். சில நிமிடத்தில் ஓடிபி காலாவதி. ரீசார்ஜ் தீர்ந்து சில நாள் ஆன சிம் என்றால் குறுஞ்செய்தியே வராது. எனவே ஓடிபி தேவைப்படும் வேலைகளை எல்லாம் மாலை ஏழு மணிக்கு மேல் வீட்டில் முடித்து, பாடம் தேர்வதை மட்டும் பள்ளியில் வைத்துக்கொள்வது நல்லது. பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவுத் தளமான எமிஸில் பதிவான பெற்றோர் எண் பழைய சிம்முடையது என்றால் அதையும் இந்தச் சாக்கில் வகுப்பாசிரியரிடம் சொல்லி மாற்றிவிடலாம்.

பெயர் விஷயத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. படிவத்தில் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம். நம் பிள்ளைகளுக்குக் கடைசிப்பெயர் ஏது? ஒரு பிள்ளை இனிஷியலைப் போடும், இன்னொன்று அப்பா பெயரை முழுதாகப் போடும், மூன்றாவது ஊர்ப் பெயரைப் போடும். 'எஸ். கவிதா' எமிஸில் இருக்க, 'கவிதா செல்வம்' சான்றிதழில் அச்சாகி வரும். இரண்டும் ஒரே ஆள் என்று பிறகு நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். படிவத்தில் எழுதியபடிதான் சான்றிதழ் வரும், பின்னால் திருத்துவது கடினம். எமிஸில் ஆங்கிலத்தில் உள்ள எழுத்துகளை அப்படியே முதற்கட்டத்தில் பெயராகவும், இனிஷியலை இரண்டாம் கட்டத்திலும் போடுவது என்று பள்ளி முழுக்க ஒரே முறையை வைத்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலும் எமிஸிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதில் எழுத்துப்பிழை இருந்தால் முதலில் அதைத் திருத்திவிட்டு ஸ்வயத்துக்கு வருவது மேல்.

பாடப் பக்கத்தில் நான்கு தேதிகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்: தொடங்கும் நாள், முடியும் நாள், சேர்க்கை முடியும் நாள், தேர்வு நாள். முடிந்துபோன பாடங்களும் தேடலில் வரும். அவற்றில் வீடியோ ஓடும், ஆனால் சான்றிதழ் கிடையாது. இது தெரியாமல் போன பருவத்துப் பாடத்தில் வகுப்பே உட்கார்ந்து படித்த கூத்தும் நடந்திருக்கிறது.

என்பிடெல்லில் இன்னொரு கண்ணி. சேர்க்கை இலவசம், தேர்வுக்குக் கட்டணம். பாடத்தில் சேர்ந்ததால் தேர்வுக்கும் பெயர் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். தேர்வுக்குத் தனிப் படிவம், தனிக் கடைசி நாள், ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய். பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலை போட மறந்த கதையாகப் பிள்ளை வாரா வாரம் ஒப்படைப்பு (அசைன்மென்ட்) முடித்துவிட்டுத் தேர்வு மையத்துக்குப் போக வழியில்லாமல் நிற்கும். மதிப்பெண் கணக்கு இப்படி: ஒப்படைப்புக்கு 25, தேர்வுக்கு 75. ஒப்படைப்பில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30 இரண்டும் வேண்டும். ஒன்றில் அள்ளி மற்றதில் கோட்டை விட்டால் தேர்ச்சி இல்லை. எட்டு வாரப் பாடத்தில் சிறந்த ஆறு ஒப்படைப்புகளை, பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டை எடுத்துக்கொள்வார்கள். காலாண்டுத் தேர்வு வாரத்தில் ஒன்று தவறினால் பதற வேண்டாம். கடைசி நேரம் பெரும்பாலும் புதன்கிழமை இரவு 11.59. அதற்குமுன் எத்தனை முறையும் விடையை மாற்றி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதே கணக்கு. ஆகவே செவ்வாய்க்கிழமையே ஒருமுறை அனுப்பி வைத்துவிடச் சொல்லுங்கள். புதன் இரவு மின்வெட்டு வந்தால் கேட்க நாதியில்லை.

லேபைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஸ்வயம் வீடியோக்கள் பெரும்பாலும் யூடியூப் வழியாகத்தான் ஓடுகின்றன. பாதுகாப்புக்காக யூடியூப் முடக்கப்பட்ட கணினியில் பாடப் பக்கம் திறக்கும், வீடியோ இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம் மட்டும் தெரியும். இணையம் மெதுவாக இருக்கிறது என்று நினைத்துக் காத்திருப்பார்கள். ஹெட்போன் இல்லாத லேபில் பத்துக் கணினியில் பத்து வீடியோ ஓடினால் எதுவும் காதில் விழாது. யுபிஎஸ் பேட்டரி செத்துப்போன பள்ளியில் மின்சாரம் ஒரு விநாடி போனாலும் எல்லாம் முதலிலிருந்து. வீட்டில் பார்ப்பவர்களுக்கு: வீடியோ தரத்தை 360பி-க்குக் குறைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 300 எம்பிதான் போகும். 720பி-யில் விட்டால் ஒரு ஜிபியைத் தொடும். தினம் 1.5 ஜிபி பேக்கில் அண்ணன் தம்பி மூன்று பேர் பங்கு போடும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

பெற்றோர் கேட்கும் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறோம். இந்தச் சான்றிதழால் பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட்-ஆஃப்பில் ஒரு மதிப்பெண்கூட ஏறாது. அங்கே கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டும்தான் பேசும். வேறு மாதிரி சொல்லிப் பதிவுக் கட்டணம் என்று காசு கேட்கும் டெலிகிராம் குழுக்களை நம்பவேண்டாம். ஸ்வயத்தில் சேரக் காசே கிடையாது. பிறகு எதற்கு இது? ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் உட்கார்ந்து பழகவும், கல்லூரியில் என்ன படிப்பது என்று முன்கூட்டியே ருசி பார்க்கவும்தான். அதற்கேற்ற வருடம் பதினொன்றாம் வகுப்பு. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் நீக்கப்பட்டபின் அந்த வருடத்தில் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையை எண்ணிக்கைக்காக இதில் இழுத்துவிடுவது அநியாயம் என்பது எங்கள் கருத்து.

மாவட்டக் கல்வி நிர்வாகத்திடம் கேட்பது அதிகமில்லை. ஜூன் மாதத்தில் ஒரு வாரம் முழுக்க மின்னஞ்சலுக்கும் எமிஸ் பெயர்த் திருத்தத்துக்கும் மட்டும் ஒதுக்கட்டும். சேர்க்கை பற்றிய சுற்றறிக்கை, கடைசி நாளுக்குப் பதினைந்து நாள் முன்னதாகத் தமிழில் வரட்டும். என்பிடெல் தேர்வுக் கட்டணத்தை வசதியில்லாத பிள்ளைகளுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகவோ முன்னாள் மாணவர்கள் வழியாகவோ திரட்ட அனுமதி தரட்டும். அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு போன்ற மலை ஊராட்சிகளின் பிள்ளைகளுக்கு வீட்டில் சிக்னல் கிடைக்கும் என்று கணக்குப் போட முடியாது. ஓடிபியும் வராது, வீடியோவும் ஓடாது. மலையடிவாரத்தில் ஒடுகத்தூர் பக்கம் உள்ள ஒரு பள்ளி லேபை மாதம் இரண்டு சனிக்கிழமை அவர்களுக்காகத் திறந்து வைத்து, பெற்றோர் ஒருவரும் போனோடு கூட வரச் சொன்னால், சேர்க்கையையும் அந்த இரண்டு வார ஒப்படைப்பையும் அங்கேயே முடித்து அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி கணினிப் பயிற்றுநர்கள் சிலர்,
வேலூர் மாவட்டம்.