நாற்பத்து நாலு வயதில் டி.பார்ம்

திருப்பூர்
30.11.2025

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. மதினிக்கு முட்டுவலி தேவலை என்பது நல்ல சேதி. சின்னவன் கணக்கில் கோட்டை விட்டதற்கு நீ இவ்வளவு குதிக்க வேண்டாம். கணக்கு வாத்தியார் பிள்ளை கணக்கில் நூறு வாங்கினால்தான் ஊரில் ஆச்சரியப்படுவார்கள்.

இங்கே வேலை மந்தம். ஆகஸ்டு கடைசியில் அமெரிக்காக்காரன் நம் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியதிலிருந்து, எங்கள் டையிங்குக்கு, அதாவது சாயப்பட்டறைக்கு, துணி அனுப்பும் கம்பெனிகள் பலவும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. மூன்று ஷிப்டு ஓடிய இடத்தில் இப்போது ஒன்றுதான். எனக்குச் சம்பளம் தேதி தவறாமல் வந்துவிடுகிறது, அதில் குறையில்லை. ஆனால் முதலாளி இறக்கியிருக்கும் புது மெஷின் சாயத்தைத் தானே எடைபோட்டுத் தானே கரைத்துவிடுகிறது. நிறத்தின் ஷேடு ஒத்துப்போகிறதா என்று அளந்து சொல்ல ஸ்பெக்ட்ரோ என்று ஒரு கருவி இருக்கிறது. ஷேடு பிடிக்காமல் துணி வாங்குகிற பையர் மூஞ்சியைச் சுளிக்கும்போது பதில் சொல்ல மட்டும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது, அது நான்.

"அந்தப் பயத்தில்தான் மருந்து படிக்கக் கிளம்பிவிட்டாயா?" என்று கேட்டிருந்தாய். பாதி அதுதான். மீதியைச் சொல்கிறேன்.

சித்திரையில் ஊருக்கு வந்தபோது அம்மாவுக்குத் தலைசுற்றல் என்றேனே, நினைவிருக்கிறதா? பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர், ஊரில் பழைய டாக்டர் ஒருவர். சீட்டும் இரண்டு, மாத்திரைப் பெயரும் இரண்டு. அட்டையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்தால் இரண்டிலும் டெல்மிசார்டன் 40. ஒரே பிரஷர் மருந்தை மாதக்கணக்கில் இரட்டிப்பாக விழுங்கியிருக்கிறாள். இரண்டும் வாங்கியது ஒரே மெடிக்கலில். எடுத்துக் கொடுத்த பையனைச் சொல்லிக் குற்றமில்லை, பன்னிரண்டாவது முடித்துவிட்டுப் பெட்டியின் நிறம் பார்த்து எடுக்கிறவன். சுவரில் சான்றிதழ் மாட்டியிருந்த பார்மசிஸ்டை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. டாக்டரிடம் போய்க் கேட்டு ஒன்றை நிறுத்தினோம், அம்மா தெளிந்துவிட்டாள். எங்கள் லேபில் ஒரே சாயம் இரண்டு கம்பெனிப் பெயரில் வந்தால் நான் ஒரு நிமிஷத்தில் பிடித்துவிடுவேன். அந்த வேலையை மருந்துக்குச் செய்ய அந்தக் கடையில் ஆள் இல்லை.

அப்புறம் அக்டோபரில் அந்த இருமல் மருந்துச் செய்தி. காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையில் தயாரான சிரப், குடித்த குழந்தைகள் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில். இருபதுக்கு மேல் செத்துப்போயின. நம் மாநில ஆய்வகம் சோதித்தபோது 48.6 சதவீதம் டைஎதிலீன் கிளைக்கால் என்கிற விஷம். அனுமதிக்கப்பட்ட அளவே 0.1 சதவீதம்தான். அது எங்கள் தொழிலில் புழங்கும் சரக்கு, பிரிண்டிங் பேஸ்ட் காய்ந்துபோகாமல் இருக்கச் சேர்ப்பது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் நிற்கிறவன் பாட்டிலைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வகைச் சளி மருந்துக் கலவையையே நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போடச் சொல்லி 2023 டிசம்பரிலேயே உத்தரவு இருக்கிறது. "பிள்ளைக்கு என்ன வயசும்மா?" என்று ஒருத்தன் கேட்டிருக்கலாம்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். நம் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிக்கு மருந்துப் படிப்பில் ஒரு சலுகையும் கிடையாது. பன்னிரண்டாவதில் இயற்பியல், வேதியியல், கூடவே உயிரியலோ கணக்கோ இருந்தால் போதும் என்கிறபோது, நானும் என் மகள் வயதுப் பிள்ளைகளும் ஒரே வரிசை. பி.பார்ம் பட்டப்படிப்பு நாலு வருஷம், அதை நினைக்கவே இல்லை. டி.பார்ம் என்கிற டிப்ளமோ இரண்டு வருஷம். அதற்குப் பிறகு 500 மணி நேரப் பயிற்சி, அதையும் மூன்று மாதத்துக்குக் குறையாமல் செய்ய வேண்டும். 2022இல் வெளியேறும் தேர்வு என்று ஒரு விதி போட்டிருக்கிறார்கள், மூன்று தாள். பிறகுதான் மாநில மருந்தாளுநர் கவுன்சிலில் பதிவு. கல்லூரியில் விசாரித்தேன், வயது தடையில்லை என்றார்கள். ஆனால் வருகை 75 சதவீதம், தியரிக்குத் தனி, பிராக்டிகலுக்குத் தனி. தபால் வழியாகப் படிக்கிற கதையே இல்லை. ஆக வேலையை விட்டாக வேண்டும். பாடங்களைப் பார்த்தேன். வேதியியலும் பார்மசூட்டிக்ஸும் பயமில்லை. உடற்கூறியலும் பார்மகாலஜியும்தான் உருப்போட வேண்டும், இந்த மண்டையில் ஏறுமா தெரியவில்லை.

இதைக் கேள்விப்பட்டு இங்கே ஒரு கடைக்காரர் தானாகவே வந்து பேசினார். "படிச்சு முடிங்க, சர்டிபிகேட்டை நம்ம கடையில மாட்டுங்க, மாசாமாசம் ஒரு தொகை வீட்டுக்கு வந்துரும், நீங்க டையிங்லயே இருங்க" என்றார். வருகைப் பதிவுக்கும் வழி இருக்கிறதாம். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார், காப்பியும் வாங்கிக் கொடுத்தார். அம்மாவுக்கு இரண்டு டெல்மிசார்டன் வந்தது இந்த வழியில்தானே? 1948ஆம் வருஷப் பார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவே பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்கிறது. 2014இலிருந்து எச்1 பட்டியல் மருந்துகளுக்கு, அதாவது சில ஆன்டிபயாடிக் மாதிரி கட்டுப்பாடு அதிகமுள்ளவற்றுக்கு, தனிப் பதிவேடு, எழுதிய டாக்டர், நோயாளி, மருந்து, அளவு எல்லாம் குறித்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். என் பெயர் சுவரில் தொங்கும், அந்தப் பதிவேட்டை எவனோ எழுதுவான். இதற்கு நான் ஆளில்லை. சம்பாதிக்க அதுதான் வழி என்றால் இந்தப் படிப்பே எனக்கு வேண்டாம்.

வாசுகி இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ரெண்டு வருஷம் என் சம்பளத்துல ஓட்டிரலாம். முடிச்சிட்டு பதினஞ்சாயிரத்துக்கு நாள் முழுக்க நின்னுட்டு வருவீங்களா?" உண்மைதான், இங்கே மெடிக்கலில் நிற்கிற பார்மசிஸ்டுக்குப் பதினைந்து, மிஞ்சினால் பதினெட்டு. இப்போது நான் வாங்குவதில் பாதிகூட இல்லை. அரசு வேலையை என் வயதில் நம்பியிருக்க முடியாது.

நீ எழுதிய முதல்வர் மருந்தகம் என்கிற அரசின் மலிவு விலை மருந்துக்கடைத் திட்டத்தையும் பார்த்தேன். பிப்ரவரியில் ஆயிரம் கடை திறந்தார்களே, அதுதான். டி.பார்ம் இருந்தால் விண்ணப்பிக்கலாம், 3 லட்சம் வரை மானியம். சொந்தக் கடை என்றால் பத்து சதுர மீட்டர் இடம், இன்சுலினுக்குப் பிரிட்ஜ், லைசென்ஸ். அரசு விலை நிர்ணயித்த மருந்துகளில் சில்லறைக் கடைக்கு லாபம் 16 சதவீதம் என்று கணக்கு. பக்கத்திலேயே பெரிய செயின் கடைக்காரன் 20 சதவீதம் தள்ளுபடி என்று போர்டு வைக்கிறான். அந்தக் கணக்கை நீதான் எனக்கு விளக்க வேண்டும்.

ஒன்று மட்டும் தெளிவாக இருக்கிறது. டவுனில் கடை போடுவதற்கில்லை. நம் ஊர்ப்பக்கம், மூன்று டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எது காலையில், எது ராத்திரி என்று தெரியாமல் நிற்கும் கிழடுகட்டைகள் இருக்கிற இடமாகப் பார்த்துப் போட வேண்டும். அங்கே தள்ளுபடி போர்டைவிட, அட்டையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்கிறவனுக்கு மதிப்பு இருக்கும் என்று நினைக்கிறேன். வாசுகிக்கு இதில் பாதி நம்பிக்கை வந்திருக்கிறது. ஊருக்குத் திரும்பலாம் என்றதும் அம்மாவுக்கு முழு நம்பிக்கை.

இன்னும் வேலையை விடவில்லை. அடுத்த வருஷச் சேர்க்கைக்கு ஏழெட்டு மாதம் இருக்கிறது. அதற்குள் நீ ஒரு உதவி செய்ய வேண்டும். சங்கரன்கோவிலில் உன் மச்சான் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான் காலையிலிருந்து ராத்திரிவரை தானே கடையில் நிற்கிறவர். பொங்கல் லீவோடு சேர்த்துப் பத்துநாள் அவர் கடையில் என்னை விட்டு வைப்பாரா என்று கேள். மருந்தில் கை வைக்க மாட்டேன். பெட்டி இறக்குகிறேன், எக்ஸ்பைரி பார்த்து ஒதுக்குகிறேன், ரிட்டர்ன் பில் எழுதுகிறேன். சம்பளம் வேண்டாம். எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு: ராத்திரி பத்து மணிக்கு என் கால் தாங்குகிறதா, பத்தாவது ஆளும் கடன் கேட்கும்போது என் வாய் தாங்குகிறதா. வரவு செலவை அவர் மறைக்காமல் காட்டினால் இன்னும் உத்தமம், ஆனால் அதை நீ பக்குவமாகக் கேட்க வேண்டும். நான் நேரில் கேட்டால் வருமான வரிக்காரன் மாதிரி இருக்கும்.

சம்மதித்தாரென்றால் போகி அன்றைக்கே வந்துவிடுவேன். வரும்போது உனக்கு ஒரு டஜன் பனியன் கொண்டு வருகிறேன். சைஸ் இன்னும் 95தானா, தொப்பை போட்டுவிட்டதா? மறைக்காமல் எழுது.

அன்புடன்,
கணேசன்