குளிரறையை ஓட வையுங்கள்

கடல் வண்டல் கிடங்கின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஏப்ரலில் நின்ற குளிரூட்டி இன்னும் ஓடவில்லை. மூன்று கடிதம் கொடுத்தாயிற்று. நான்காவதை ஊரறிய எழுதுகிறேன். தயவுசெய்து குளிரறையை ஓட வையுங்கள்.

4 டிகிரியில் ஈரம் காயாமல் இருக்க வேண்டிய வண்டல் அது. போன செவ்வாய்க்கிழமை, வங்காள விரிகுடாவின் அடியில் துளைத்தெடுத்த வண்டல் உருளை ஒன்றின் உறையைப் பிரித்தேன். வெண்ணெயில் இறங்குவதுபோல் கத்தி இறங்கிய களிமண், கோடைக் கண்மாய் மாதிரி வெடித்துக் கிடந்தது. வெடிப்பெல்லாம் ஊசி ஊசியாக ஜிப்சம். மண்ணிலிருந்த பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் காற்றுப் பட்டு அமிலமாகி, சுண்ண ஓடுகளை அரித்திருக்கிறது. சலித்து, நுண்ணோக்கியில் வைத்துத் தேடினேன். முன்பு நூற்றுக்கணக்கில் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச்செல் கடலுயிரிகளின் ஓடுகளைப் பொறுக்கிய அதே ஆழத்தில் இப்போது 11 ஓடுகள். பாதி ஓட்டை விழுந்தவை. அன்று மேற்கொண்டு வேலை ஓடவில்லை.

அந்த ஓட்டில்தான் கனமான ஆக்சிஜன்-18, லேசான ஆக்சிஜன்-16 இரண்டின் விகிதம் பதிந்திருக்கிறது. ஆறுகள் கொட்டும் நன்னீரில் கனமான ஆக்சிஜன் குறைவு. அதனால் மழை தளர்ந்த காலத்து ஓட்டில் அது கூடுதலாக இருக்கும். வெப்பநிலையும் பனிப்பாறைகளும் அந்த விகிதத்தை மாற்றிய பங்கைக் கழித்துப் பார்த்துத்தான், ஏறக்குறைய 21,000 ஆண்டுகளுக்கு முன் தென்மேற்குப் பருவமழை நலிந்து, விரிகுடாவின் மேல்நீர் உப்பேறியிருந்தது என்று சொல்கிறோம். அட்லாண்டிக்கில் பெர்முடா பக்கத்து வண்டலில் புரோட்டாக்டினியம், தோரியம் என்ற கதிரியக்கத் தனிமங்களின் விகிதத்தை அளந்து, சுமார் 17,500 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெருங்கடலின் ஆழ்நீரோட்டம் ஏறக்குறைய நின்றேபோனதை 2004-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதற்கும் ஆதாரம் சேறுதான்.

போனால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்றார் உங்கள் அலுவலர் ஒருவர். எதை வைத்து எடுப்பது? 2014-15-ல் விரிகுடாவின் அடியைத் துளைத்த ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற ஆய்வுக் கப்பல் 2024-ல் பணியையே முடித்துக்கொண்டது. புதுக் கட்டடத்துக்கு நிதி வருகிறது, கல்வெட்டு வைக்கிறார்கள். பழைய கம்ப்ரசரைப் பராமரிக்க மட்டும் ஒப்பந்தம் கிடையாது. நாட்டில் எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் இதே கதைதான், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டுவிட்டேன். குளிரறையை ஓட வையுங்கள். கம்ப்ரசர் வர நாளாகும் என்றால், இன்னும் காயாத உருளைகளை வேறொரு குளிரறைக்கு மாற்ற அனுமதி கொடுங்கள். வண்டியும் ஆளும் வேண்டாம். சாவியைத் தந்தால் மாணவர்கள் நாங்களே சுமந்துவிடுகிறோம்.

பணிவுடன்,
ஓர் ஆய்வு மாணவி